பிரேம் போட்ட மினிமலிச ஓவியப் பிரதி வாங்கப்போகிறேன், எதைப் பார்த்து வாங்குவது?

புதுவீடு

வணக்கம். கூடத்தில் சோபாவுக்கு மேலே நீளமான வெள்ளைச் சுவர் வெறுமையாக இருக்கிறது. அதில் ஒரே ஒரு படம் மாட்ட ஆசை. பூ, மலை, கடல் எதுவும் வேண்டாம். நாலு கோடு, இரண்டு மூன்று நிறம், மீதியெல்லாம் வெற்றிடம் என்று இருக்க வேண்டும். பீட் மோந்திரியானின் 1930ஆம் ஆண்டு ஓவியம் (பெரிய சிவப்புச் சதுரம், கீழே நீலம், ஓரத்தில் துளி மஞ்சள்) நெடுநாளாகவே மனதில் இருக்கிறது. மாலெவிச், ராத்கோ, ஆக்னஸ் மார்ட்டின் பெயர்களையும் பட்டியலில் வைத்திருக்கிறேன்.

தேடினால் பிரேம் போட்டு, ஆணியில் மாட்ட வேண்டியதுதான் பாக்கி என்கிற நிலையில் நூற்றுக்கணக்கில் வருகின்றன. ஒரே ஓவியம் ஒரு கடையில் சதுரமாக இருக்கிறது, இன்னொரு கடையில் நீள்சதுரமாக. சிவப்பு ஓரிடத்தில் ஆரஞ்சுப் பக்கம் சாய்கிறது, இன்னோரிடத்தில் அரக்குப் பக்கம். எல்லாரும் ‘மியூசியம் தரம்’ என்றே எழுதுகிறார்கள். கான்வாஸா காகிதமா? கண்ணாடி வேண்டுமா? எவ்வளவு பெரிதாக வாங்கலாம்? விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அச்சுக்கூடம்

அச்சுத் தொழிலில் இருக்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

பார்க்க எளிமையாக இருப்பதால் இந்த வகை ஓவியத்தை அச்சடிப்பதும் எளிது என்று நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. கூட்டமும் மரமும் முகமுமாக நிறைந்த படத்தில் ஒரு மூலையில் நிறம் கொஞ்சம் பிசகினால் யாருக்கும் தெரியாது. அரை மீட்டர் அகலத்துக்கு ஒரே சாம்பல் வெள்ளை ஓடும் படத்தில் ஒளிய இடமே இல்லை. இன்க்ஜெட் எந்திரத்தில் மை தெளிக்கும் முனை ஒன்று அடைத்துக்கொண்டால் போதும், படத்தின் குறுக்கே முடி போல ஒரு கோடு விழும். நிறம் மெல்ல மெல்ல மாற வேண்டிய இடத்தில் (ராத்கோவின் ஓரங்களை நினைத்துக்கொள்ளுங்கள்) கோப்பு மட்டமாக இருந்தால் படிப்படியாகப் பட்டைகள் தெரியும். தாளில் ஒட்டியிருந்த ஒரு தூசு, அச்சாகி உதிர்ந்தபின் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். காட்டுக் காட்சியில் அது இலையாகிவிடும். உங்கள் சிவப்புச் சதுரத்தில் ஆகாது.

அதனால் முதல் கேள்வி கோப்பைப் பற்றியதாக இருக்கட்டும். 60 செ.மீ. சதுரத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சடிக்க ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 7,000 பிக்சல் வேண்டும். எட்டி நின்று பார்க்கும் படம், 150 போதும் என்று விட்டுக்கொடுத்தாலும் 3,500 வேண்டும். வலையில் சும்மா கிடைக்கும் படங்கள் பெரும்பாலும் ஆயிரம், ஆயிரத்து ஐநூறு பிக்சல்தான். அதை இழுத்துப் பெரிதாக்கினால் கறுப்புக் கோட்டின் ஓரம் கரைந்தது போலத் தெரியும். அங்குதான் விற்பவர்கள் ஒரு குறுக்கு வழி பிடிக்கிறார்கள்: மோந்திரியானைக் கணினியில் புதிதாக வரைந்துவிடுவது. அளவுகோல் பிடித்த கோடு, வாளியில் ஊற்றிய மாதிரி ஒரே சிவப்பு. எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் கூராக இருக்கும். பார்க்கப் பளிச்சென்று இருக்கும், ஆனால் அது ஓவியத்தின் புகைப்படமே இல்லை, யாரோ போட்ட வரைபடம்.

கண்டுபிடிப்பது சுலபம். கடைப் பக்கத்தில் படத்தைப் பெரிதாக்கி, ஒரு வெள்ளைக் கட்டத்தையும் அதற்கு அடுத்த வெள்ளைக் கட்டத்தையும் பாருங்கள். இரண்டும் அச்சு அசலாக ஒரே வெள்ளை என்றால் அது வரைபடம். புகைப்படம் என்றால் வெள்ளைக்குள் சின்னச் சின்ன வித்தியாசம், தூரிகைத் தடம், கோட்டின் ஓரத்தில் கை போன தடுமாற்றம் எல்லாம் இருக்கும்.

அப்புறம் மை. சாய மை வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும், நிறமி மை பல மடங்கு தாங்கும். ‘நிறமி மையா?’ என்று நேராகக் கேளுங்கள். ‘உயர்தர மை’ என்று பதில் வந்தால் சாய மை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆப்செட்டில் (தகட்டிலிருந்து மொத்தமாக அடிக்கும் முறை) அடித்த போஸ்டர் என்றால் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் பூப்பூவாகப் புள்ளிகள் தெரியும். பல வண்ணக் காட்சியில் அது உறுத்தாது. தட்டையான வெளிர் நிறத்தில், கிட்டே போனால் உறுத்தும்.

தாள்: பருத்தித் தாள், அமிலம் இல்லாதது, சதுர மீட்டருக்கு 300 கிராம் அளவில், மேற்பரப்பு மினுக்கு இல்லாதது. வெளுப்பூக்கி (தாளை அதிக வெண்மையாகக் காட்டச் சேர்க்கும் பொருள்) சேர்க்காத தாளா என்று பாருங்கள். வெளுப்பூக்கி சேர்த்த தாள் முதலில் நீலம் கலந்த வெள்ளையாக ஜொலிக்கும், வருடங்கள் போனால் அந்த ஜொலிப்பு தீர்ந்து மஞ்சள் தட்டும். படத்தில் முக்கால்வாசி வெள்ளையாக இருக்கும்போது தாளின் நிறம்தான் ஓவியத்தின் நிறம். புற ஊதா டார்ச் இருந்தால் இருட்டறையில் அடித்துப் பாருங்கள், நீலமாக ஒளிர்ந்தால் வெளுப்பூக்கி இருக்கிறது.

ஓவியப்பித்தன்

அச்சுக்கூடம் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. எந்த ஓவியம் பிரதியாவதைத் தாங்கும், எது தாங்காது?

ஆட் ரைன்ஹார்ட் 1960களில் வரைந்த கறுப்பு ஓவியங்கள் ஒவ்வொன்றும் ஐந்தடிச் சதுரம், அதாவது சுமார் 152 செ.மீ. முதலில் வெறும் கறுப்புதான் தெரியும். நின்று பார்த்தால், கண் பழகப் பழக, மூன்றுக்கு மூன்றாக ஒன்பது சதுரங்கள் மெல்லப் பிரியும். ஒன்றில் சிவப்புச் சாயல், ஒன்றில் நீலம், ஒன்றில் பச்சை. வண்ணத்திலிருந்து எண்ணெயை வடித்து, மினுக்கே இல்லாமல் பூசியதால்தான் அது நடக்கிறது. இதை அச்சடித்தால் ஒரு கறுப்புத் தாள் கிடைக்கும். அதற்கு மேல் கண்ணாடி போட்டால் உங்கள் முகம் தெரியும். அவ்வளவுதான்.

ஆக்னஸ் மார்ட்டின் இன்னும் கஷ்டம். ஆறடிச் சதுரக் கான்வாஸில் பென்சில் கோடுகள். துணியின் மேடு பள்ளத்தில் பென்சில் ஏறி இறங்கும், கோடு விட்டு விட்டு ஓடும். கிட்டே போனால் கோடு, பத்தடி தள்ளினால் மூட்டம் மாதிரி ஒரு நிறம். அதை 60 செ.மீ.க்குச் சுருக்கினால் கிட்டேயும் இல்லை, தூரமும் இல்லை. ஈவ் க்ளைனின் நீலம் வழக்கமான நாலு வண்ண அச்சின் எல்லைக்கு வெளியே இருக்கிற நிறம். அதன் வெல்வெட் போன்ற பொடிப் பரப்பும் தாளில் வராது. ராத்கோவுக்கும் அளவுதான் உயிர். பார்ப்பவர் கிட்டே நின்று அதற்குள் நுழைய வேண்டும் என்று விரும்பியவர் அவர். சோபாவுக்கு மேலே தபால்தலை அளவில் தொங்கும் ராத்கோவிடம் அது நடக்காது.

மாலெவிச்சின் ‘கறுப்புச் சதுரம்’, 1915. பலர் பிரதியாக விற்கிறார்கள், ஸ்டிக்கர் ஒட்டிய மாதிரி மழமழவென்று ஒரு கறுப்புக் கட்டம். மாஸ்கோ திரெத்தியாக்கோவ் காலரியில் இருக்கும் அசலில் கறுப்பு முழுக்க வெடித்திருக்கிறது. வெடிப்புக்குள் அடியில் இருக்கும் வேறு நிறங்கள் எட்டிப் பார்க்கின்றன. சதுரமும் கச்சிதமான சதுரம் அல்ல. அந்த வெடிப்பும் கோணலும் இல்லாத பிரதிக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்?

உங்கள் மோந்திரியானும் அப்படித்தான். அந்த 1930 ஓவியத்தில் இடப்பக்கம் இரண்டு வெள்ளைக் கட்டங்களுக்கு நடுவே இருக்கும் கறுப்புப் பட்டை மற்ற கோடுகளைவிடத் தடிமன். பெரிய சிவப்பை எதிர்த்து நிற்பது அந்தத் தடிமன்தான். சில பிரதிகளில் எல்லாக் கோடுகளையும் ஒரே அளவாக்கிவிட்டார்கள். படம் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது.

என் கருத்து: கான்வாஸ் ஓவியத்தை விட்டு, அச்சாகவோ தாளிலோ பிறந்த படைப்பைத் தேடுங்கள். எல் லிசிட்ஸ்கி 1923இல் ஹானோவரில் வெளியிட்ட ‘ப்ரோன்’ லித்தோகிராப் (கல்லச்சு) தொகுப்பு, ஸோஃபீ டாய்பர்-ஆர்ப் தாளில் வரைந்த கட்டங்கள், ஜோசப் ஆல்பர்ஸின் ஸ்கிரீன் பிரிண்டுகள் (துணித்திரை வழியே மை அழுத்தி அடிப்பவை), ஆக்னஸ் மார்ட்டினே 1973இல் செய்த 30 ஸ்கிரீன் பிரிண்டுகள். தாளில் இருந்ததைத் தாளுக்குக் கொண்டுவருவதால் இழப்பு மிகக் குறைவு. நம் நாட்டு ஓவியர் நஸ்ரீன் முகமதியின் மைக் கோடுகளும் அப்படித்தான்.

மழைத்துளி

ஓவியப்பித்தன் அண்ணா, நீங்கள் சொல்வதில் தவறு ஒன்றும் இல்லை, ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை.

அசலைப் போய்ப் பார்க்க எல்லாராலும் முடியாது. சூரிச்சுக்கும் மாஸ்கோவுக்கும் நியூயார்க்குக்கும் விமானம் ஏற முடிந்தவர்களுக்கு மட்டும்தான் மோந்திரியானா? உலகத்தில் எத்தனையோ ஓவியர்கள் பிற நாட்டு ஓவியங்களைப் புத்தகத்தில், அஞ்சலட்டையில் பார்த்துத்தான் கற்றார்கள். பிரதியில் என்ன குறைகிறது என்று தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது. குறைகிறது என்பதற்காக வாங்கவே கூடாது என்பது வேறு பேச்சு.

என் மேசைக்கு எதிரே ஆல்பர்ஸின் ‘சதுரத்துக்கு மரியாதை’ வரிசையில் ஒன்றின் பிரதி இருக்கிறது. சதுரத்துக்குள் சதுரத்துக்குள் சதுரம், மூன்று மஞ்சள். சாதாரணத் தாள்தான். ஆனால் காலையில் நடுச் சதுரம் முன்னால் வருகிறது, விளக்கு வெளிச்சத்தில் உள்ளே போகிறது. பக்கத்து நிறம் மாறினால் ஒரு நிறம் எப்படி மாறித் தெரிகிறது என்பதுதான் அவர் 1950 முதல் இறக்கும்வரை செய்துகொண்டிருந்த ஆராய்ச்சி. அது என் சுவரில் தினமும் நடக்கிறது. அசலில் கத்தியால் பூசிய வண்ணத் தடம் இருக்கும், இதில் இல்லை. சரி. எனக்கு வேண்டியது இதில் இருக்கிறது.

ஓவியப்பித்தன்

மழைத்துளி, பிரதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் சொன்ன ஆல்பர்ஸ் என் வாதத்துக்கே நல்ல உதாரணம். அந்த வரிசையில் அவர் காட்டியது நிறங்களின் உறவை. நிறத்தைச் சரியாகப் பிடித்த அச்சில் அந்த உறவு பிழைக்கும். ரைன்ஹார்டிடம் இருப்பது பரப்பு. அது பிழைக்காது. ஓர் ஓவியத்தில் எது வேலை செய்கிறது என்று முதலில் கேட்டுவிட்டு, அது தாளில் வருமா என்று பார்க்கச் சொல்கிறேன்.

பயணம் பற்றிச் சொன்னது நியாயம். அதில் நான் பேச ஒன்றுமில்லை.

புதுவீடு

இவ்வளவு விரிவாக எழுதிய எல்லாருக்கும் நன்றி. மார்ட்டினையும் ராத்கோவையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். கடைப் பக்கங்களை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். நான் வாங்க நினைத்திருந்த மோந்திரியானில் எல்லா வெள்ளையும் ஒரே வெள்ளை! கோடுகளும் ஒரே தடிமன். இடப்பக்கப் பட்டையைப் பற்றிச் சொன்னபிறகு அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மனம் மோந்திரியானில்தான் நிற்கிறது. அசல் எவ்வளவு பெரிது? எல்லாரும் 80, 100 செ.மீ. என்று விற்கிறார்கள். அப்புறம் பிரேம் பற்றி யாராவது சொல்லுங்களேன். கான்வாஸ் என்றால் கண்ணாடி வேண்டாம், அது வசதி என்று தோன்றுகிறது.

ஓவியப்பித்தன்

அசல் சுமார் 46 செ.மீ. சதுரம்தான். உங்களுக்கு நல்ல வாய்ப்பு இது: அசல் அளவிலேயே அச்சடித்து மாட்டலாம். ஆறடி ஓவியங்களுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. கோட்டின் தடிமன், கட்டத்தின் அகலம் எல்லாம் ஓவியர் கையில் இருந்த அதே அளவில் உங்கள் சுவரில் இருக்கும். இரண்டு மடங்காக ஊதினால் கோடு விளம்பரப் பலகைக் கோடாகிவிடும்.

மரச்சட்டம்

பிரேம் போடுவது என் தொழில். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கான்வாஸ் பிரிண்ட் இந்த ஓவியத்துக்கு வேண்டாம் என்பேன். அசலின் துணி நெசவும் புகைப்படத்தில் பதிவாகியிருக்கும். அதை இன்னொரு நெசவின் மேல் அச்சடித்தால் இரண்டு நெசவும் ஒன்றோடொன்று மோதும். சில கடைகள் மேலே தெளிவான ஜெல் பூசி ‘கைவேலைப்பாடு’ என்று விற்கின்றன. அந்த ஜெல்லின் தூரிகைத் தடம் அவரவர் இஷ்டத்துக்கு வளைந்து ஓடும். மோந்திரியான் குறுக்கே இழுத்த இடத்தில் ஜெல் வட்டம் போடும். கான்வாஸை மரச்சட்டத்தில் இழுத்து மடிக்கும்போது ஓவியத்தின் ஓரம் பக்கவாட்டுக்குப் போய்விடும் அபாயமும் இருக்கிறது.

அந்த ஓரம்தான் இங்கே பெரிய விஷயம். மோந்திரியானின் 1920கள் ஓவியங்கள் சிலவற்றில் கறுப்புக் கோடு ஓரத்தைத் தொடாமல் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடும். வேண்டுமென்றே நிறுத்தியது. சாதாரண பிரேமில் உள்பக்கம் ஒரு பள்ளம் இருக்கும், அதன் உதடு படத்தை நாலு பக்கமும் 5, 6 மில்லிமீட்டர் மூடும். கோடு நின்ற இடம் உதட்டுக்கு அடியில் போய்விட்டால், கோடு பிரேம் வரை ஓடுகிறது என்றே பார்ப்பவர் நினைப்பார். மவுண்ட் அட்டை (படத்தைச் சுற்றிச் சன்னல் மாதிரி வைக்கும் அட்டை) வெட்டி மேலே வைத்தாலும் சில மில்லிமீட்டர் மூடும். பெரிய இயற்கைக் காட்சிக்கு இது பொருட்டே இல்லை. ஓரம் வரை யோசித்து நிறம் வைத்த ஓவியத்துக்கு இது வெட்டு.

வழி இருக்கிறது. அச்சடிக்கச் சொல்லும்போது படத்தைச் சுற்றி நாலு பக்கமும் குறைந்தது 5 செ.மீ. வெள்ளை ஓரம் விடச் சொல்லுங்கள். மவுண்ட் அட்டையின் சன்னலை ஓவியத்தைவிடப் பெரிதாக வெட்டலாம், அப்போது ஓவியத்தின் நாலு ஓரமும் தாளோடு சேர்ந்து முழுசாகத் தெரியும். இல்லையென்றால் தாளையே சரியாக வெட்டி, பின்னட்டையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி, மிதக்கிற மாதிரி ஒட்டலாம். மோந்திரியானே தன் ஓவியத்தைச் சட்டத்துக்குள் புதைக்காமல், பின்னால் பலகைப் பட்டை வைத்து, ஓவியம் முன்னால் நீட்டி நிற்கும்படி செய்தவர். மிதக்கும் முறை அதற்குக் கொஞ்சம் கிட்டே வரும்.

ஒட்டுவதைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். முழுத் தாளையும் பின்னட்டையில் பசை போட்டு ஒட்டிவிட்டால் தட்டையாகத்தான் இருக்கும், ஆனால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. பருத்தித் தாளை மேல் ஓரத்தில் மட்டும், இரண்டு இடத்தில், ஜப்பானியத் தாள் பட்டையும் கோதுமைப் பசையும் வைத்துத் தொங்கவிட வேண்டும். ஈரப்பதம் ஏறி இறங்கும்போது தாள் விரிந்து சுருங்க இடம் வேண்டும். நாலு மூலையும் டேப் போட்டு இறுக்கினால் அலை அலையாக எழும்பும். வெற்றிடம் அதிகமுள்ள படத்தில் அந்த அலைதான் முதலில் கண்ணில் படும்.

கண்ணாடி தாளைத் தொடக் கூடாது. இடையில் இடைவெளிப் பட்டை வேண்டும். சாதாரணக் கண்ணாடி விழும் வெளிச்சத்தில் சுமார் 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். எதிரே சன்னல் இருந்தால் சிவப்புச் சதுரத்தில் சன்னல்தான் தெரியும். பிரதிபலிப்பு குறைத்த கண்ணாடியில் அது 1 சதவீதத்துக்கும் கீழே போகும். செலவு கூடும், பிரிண்டின் விலையையே தாண்டலாம். ஆனால் ஒரே இடத்தில் காசு போட வேண்டும் என்றால் இங்கே போடுங்கள் என்பேன். அக்ரிலிக் எடை குறைவு, உடையாது. கீறல் விழும், தூசை இழுக்கும். சொரசொரப்பான மங்கல் கண்ணாடி மட்டும் வேண்டவே வேண்டாம், இடைவெளி விட்டு வைத்தால் கோட்டின் கூர்மையைக் கொன்றுவிடும்.

பின்னட்டையில் ஹார்ட்போர்டை நேராகத் தாளோடு வைக்கக் கூடாது. அதன் அமிலம் பழுப்பாக இறங்கும். நடுவில் அமிலமில்லாத அட்டை. பின்பக்கம் தூசு போகாமல் காகிதம் ஒட்டி, கீழ் மூலைகள் இரண்டிலும் ரப்பர் பொட்டு. சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போக வேண்டும்.

கோடும்கட்டமும்

மரச்சட்டம் ஐயா எழுதியதைச் சேமித்து வைத்துக்கொண்டேன்.

யாரும் தொடாத ஒன்று: உரிமை. மாலெவிச் 1935இல் இறந்தார், லிசிட்ஸ்கி 1941, டாய்பர்-ஆர்ப் 1943, மோந்திரியான் 1944. ஓவியர் இறந்து 70 ஆண்டு என்று கணக்கிடும் நாடுகளில் இவர்கள் படைப்புகள் பொதுவுடைமை. சில நாடுகள் படைப்பு வெளியான ஆண்டை வைத்தும் கணக்கிடுகின்றன, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ராத்கோ (1970), ஆல்பர்ஸ் (1976), மார்ட்டின் (2004) ஆகியோர் ஓவியங்களுக்கு அந்த நாடுகளில் இன்னும் உரிமை உண்டு. அனுமதி வாங்கி அச்சடித்த பிரதியின் கீழ் ஓரத்திலோ பின்னாலோ உரிமைக் குறிப்பு இருக்கும். அது இல்லாமல் மலிவாகக் கிடைக்கும் ராத்கோவை வாங்காதீர்கள். அனுமதி வாங்காதவரிடம் நல்ல கோப்பு இருக்க வாய்ப்பு குறைவு என்பதும் ஒரு காரணம்.

பொதுவுடைமை ஓவியம் என்றால் வழி திறந்திருக்கிறது. சில அருங்காட்சியகங்கள் தங்களிடம் உள்ள பொதுவுடைமைப் படைப்புகளின் பெரிய படக்கோப்புகளை இலவசமாகவே தருகின்றன. கோப்பை எடுத்துக்கொண்டு நல்ல அச்சகத்துக்குப் போகலாம், பிரேமைத் தனியாகப் போடலாம். எல்லாம் சேர்த்து விற்கும் கடையைவிடத் தரத்தில் உங்களுக்குப் பிடி அதிகம்.

அப்புறம், பெயர் தெரியாத ‘பழுப்பு வளைவுகள், ஒரு சூரியன்’ வகைப் படங்கள் இப்போது எங்கும் விற்கின்றன. அழகாக இருக்கிறது என்று தோன்றினால் அதே மாதிரி வேலை செய்யும் உயிரோடு இருக்கும் ஓவியரிடம் கையெழுத்திட்ட அச்சு ஒன்றை வாங்குங்கள். பிரதிக்கும் பிரேமுக்கும் சேர்த்துக் கொடுக்கும் தொகையில் பல நேரம் அது முடியும். அது பிரதியும் இல்லை, அசலே.

மழைத்துளி

கடைசி யோசனை அருமை. ஆனால் புதுவீடு கேட்பது மோந்திரியான் :)

46 செ.மீ. நீளச் சுவரில் சின்னதாகத் தெரியும் என்ற பயம் வரும். வாங்குமுன் செய்தித்தாளை அந்த அளவுக்கு வெட்டி, பிரேமின் வெளி அளவுக்கு இன்னொன்று வெட்டி, இரண்டையும் சுவரில் ஒட்டி ஒரு வாரம் விடுங்கள். சோபாவின் நடுவுக்கு நேராக வைத்துப் பாருங்கள், ஒரு பக்கமாகத் தள்ளியும் பாருங்கள். சோபாவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருக்க வேண்டும் என்று ஒரு விதி சொல்வார்கள். இந்த மாதிரிப் படத்துக்கு அதைக் கேட்காதீர்கள். சுற்றி வெற்றிடம் இருந்தால் அதற்கு நல்லதுதான்.

வெளிச்சம் முக்கியம். நேர் வெயில் விழும் சுவர் என்றால் வேறு சுவர் பாருங்கள். ராத்கோ ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக வரைந்து 1964இல் மாட்டிய பெரிய ஓவியங்கள், அவர் கலந்த ஒரு சிவப்பு வெயில் தாங்காமல் வெளுத்து, 1979க்குள் கழற்றி வைக்க வேண்டியதாயிற்று. 2014இல் நிற ஒளியைப் புரொஜெக்டரால் மேலே பாய்ச்சித்தான் பழைய சாயலைக் காட்டினார்கள். அசலுக்கே அந்தக் கதி. விளக்கு வாங்கும்போது நிறம் காட்டும் திறன் (CRI) 90க்கு மேல் இருக்கிறதா என்று பெட்டியில் பாருங்கள். இல்லாவிட்டால் நல்ல சிவப்பும் செத்துத் தெரியும்.

புதுவீடு

செய்தித்தாள் ஒட்டிப் பார்த்தேன். நடுவில் வைத்தால் தபால்தலை மாதிரிதான் இருந்தது. சோபாவின் இடது கைப்பிடிக்கு மேலே, பக்கத்து நாற்காலியிலிருந்து பார்க்கிற மாதிரி வைத்ததும் சரியாக உட்கார்ந்துவிட்டது. அளவு 46தான், முடிவு செய்துவிட்டேன்.

இரண்டு அச்சகங்களிடம் கேள்விகளை அனுப்பினேன். ஒருவர் ‘எல்லாம் மியூசியம் தரம்’ என்று மட்டும் பதில் போட்டார். இன்னொருவர் கோப்பின் பிக்சல் அளவு, மை, தாளின் பெயர் எல்லாம் சொல்லி, முழுப் படம் அடிக்குமுன் இரண்டு விரல் அகலத்துக்குச் சோதனைத் துண்டு ஒன்று, இரண்டு வகைத் தாளில் அடித்து அனுப்புகிறேன் என்றார். வந்துவிட்டது. சிவப்பும் கறுப்பும் வெள்ளையும் சந்திக்கிற இடத்தை எடுத்திருக்கிறார். சிவப்பின் ஓரத்தில் தூரிகை நின்று திரும்பிய தடம் தெரிகிறது!

இப்போது குழப்பம் வெள்ளையில். ஒரு தாளில் வெள்ளை பளிச்சென்று இருக்கிறது, டார்ச் அடித்தால் நீலமாக ஒளிர்கிறது. இன்னொன்று கொஞ்சம் மங்கல், பாலாடை நிறம், டார்ச்சுக்கு ஒளிரவில்லை. பகலில் என் சுவருக்கு முன்னால் பிடித்தால் இரண்டாவது அழுக்காகத் தெரிகிறது. எதை எடுப்பது?

அச்சுக்கூடம்

இரண்டாவது. சோதனைத் துண்டைச் சுவரின் மேலேயே வைத்துப் பார்ப்பதால் அழுக்காகத் தெரிகிறது. உங்கள் சுவர் வண்ணத்திலும் வெளுப்பூக்கியோ நீலச் சாயலோ இருக்கலாம். மவுண்ட் அட்டையும் பிரேமும் சுற்றி வந்தபின் கண் அந்த எல்லைக்குள்தான் ஒப்பிடும். பிரேம் போடுபவரிடம் இரண்டு மூன்று மவுண்ட் அட்டை மாதிரி வாங்கி, துண்டைச் சுற்றி வைத்துப் பாருங்கள். அட்டை தாளைவிட ஒரு படி கூட வெளுப்பாக இருக்கக் கூடாது. அதே சாயல் அல்லது ஒரு துளி கருமை.

அந்த ஓவியத்தின் வெள்ளைகள் தூய வெள்ளையும் அல்ல, கட்டத்துக்குக் கட்டம் சாம்பலும் நீலமும் கலந்தவை. பளிச்சென்ற தாளில் அந்த வித்தியாசம் தாளின் ஜொலிப்பில் அமுங்கும். துண்டில் இரண்டு வெள்ளைக் கட்டம் வருகிற இடத்தை இன்னொரு முறை அடித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், இரண்டாவது தாளில் பிரிவு நன்றாகத் தெரிய வேண்டும்.

ஓவியப்பித்தன்

இரண்டாவதுதான். இடப்பக்கத் தடிமன் பட்டைக்கு மேலே ஒரு வெள்ளை, கீழே ஒரு வெள்ளை. அந்த இடத்தையே சோதனைக்குக் கேளுங்கள்.

மரச்சட்டம்

சட்டத்தின் நிறத்தை யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். கறுப்புச் சட்டம் எடுக்காதீர்கள். ஓவியத்தின் கறுப்புக் கோடுகளோடு அது ஐந்தாவது ஆறாவது கோடாகச் சேர்ந்துகொள்ளும், படம் பெட்டிக்குள் அடைந்துவிடும். வெள்ளை பூசிய மரம் அல்லது சாயம் போடாத வெளிர் மரம், முகப்பு ஒன்றரை செ.மீ.க்கு மேல் வேண்டாம். மரத்தூள் பலகையில் மரப்படம் ஒட்டிய சட்டத்தை மூலையில் பார்த்தாலே தெரியும்: 45 பாகையில் வெட்டிச் சேர்த்த இடத்தில் ஒட்டுத் தாள் உரிந்து, உள்ளே பழுப்புத் தெரியும்.

கையில் வாங்கும்போது படத்தைச் சாய்த்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். தாளில் அலை இருக்கிறதா, கண்ணாடிக்கு உள்ளே தூசு மாட்டியிருக்கிறதா, ஓவியத்தின் நாலு ஓரத்துக்கும் மவுண்டுக்கும் உள்ள இடைவெளி சமமாக இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். இந்த ஓவியத்தில் இரண்டு மில்லிமீட்டர் பிசகும் கண்ணுக்குத் தெரியும். தூசு இருந்தால் அங்கேயே திறந்து துடைத்துத் தரச் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்து திறந்தால் பின் காகிதம் கிழியும்.

மாட்டும்போது ஒரே ஆணியும் கம்பியும் வேண்டாம், சாய்ந்துகொண்டே இருக்கும். இரண்டு கொக்கி, மட்டப்பலகை வைத்து. நின்று பார்க்கிற சுவர் என்றால் படத்தின் நடு தரையிலிருந்து 145 முதல் 155 செ.மீ. உங்களுக்கு நாற்காலியிலிருந்து பார்க்கிற படம், அதனால் இன்னும் 15 செ.மீ. வரை இறக்கலாம். சோபாவின் முதுகுக்கு மேலே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும், தலை இடிக்காமல்.